பத்து என்று எழுதிய நாள்

தம்பி,

உனக்கு முறையாக ஒரு பெயர் வைத்து, அதை அரிசியில் எழுதி, காதில் மூன்று முறை சொல்லியும் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த வீட்டில் நீ தம்பிதான். இதை நீ படிக்கிற காலத்தில் உன் குரல் உடைந்திருக்கும், மீசை வந்திருக்கும், ஒருவேளை உன் பக்கத்தில் வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண்கூட இருக்கலாம். அப்போதும் நான் தம்பி என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பாயோ என்னவோ. சுளித்துக்கொள். இப்போது நீ மெத்தையில் குப்புறப் படுத்து, பின்புறத்தை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு மதியத் தூக்கம் தூங்குகிறாய். நீ விழிப்பதற்குள் எவ்வளவு எழுத முடிகிறதோ அவ்வளவு எழுதுகிறேன், மீதி நாளை மதியம்.

இந்தக் கடிதத்தை ஒரு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் முதல் பிறந்தநாள் மட்டும் அப்படி நடந்திருக்காவிட்டால் இன்னும் தள்ளிப் போட்டிருப்பேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியை எடுத்திருந்தோம். அறுபது பேருக்கு மேல். கேக் வெட்டுவதற்கு முன்னால் உன் சாந்தி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, யாரும் கேட்காமலே மைக்கை வாங்கிக்கொண்டார். “இவள நாங்க எல்லாம் அலாரம்னு கிண்டல் பண்ணுவோம். பண்ணோமா இல்லியா? அன்னிக்கு அந்த அலாரம் மட்டும் அடிக்கலேனா இந்தப் பய இங்க உக்காந்து பலூனைக் கடிச்சுக்கிட்டு இருக்க மாட்டான். பெத்தவ மனசுக்குத் தெரிஞ்சிருக்கு லா!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பின் வரிசையில் யாரோ ஓர் ஆன்டி கண்ணைத் துடைத்தார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தேன். உன் அப்பா மட்டும் கேக் கத்தியின் பிளாஸ்டிக் உறையை மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவே இல்லை.

அத்தை சொன்ன கதை பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. அந்தப் பாதிக்கு அன்று அறுபது பேர் கை தட்டிவிட்டார்கள், இனி ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தட்டுவார்கள். நீ அதைக் கேட்டே வளருவாய். என் அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று நீ யாரிடமாவது பெருமையாகச் சொல்வதை நான் பக்கத்தில் நின்று கேட்க நேரிடும். அதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் மீதிப் பாதியை எழுதி வைக்கிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்தது உனக்குப் புரியும். கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். உணவு அறிவியல் படித்ததற்குக் கிடைத்த வேலை. அங்கே அடுப்பு என்றால் இரண்டு பேருந்தை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின நீளம். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அடுப்பைப் பார்ப்பவர் போய் அதன் சூட்டைப் படித்துத் தாளில் எழுத வேண்டும். மணியம் அண்ணே என்று ஒருவர், நல்ல மனிதர், வேலை முடியும் நேரத்தில் ஐந்து நிமிடத்தில் முழு நாள் கணக்கையும் எழுதி முடித்துவிடுவார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். நிஜமான சூடு அப்படி இருக்காது தம்பி, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். “கண்ணால பாக்காத நம்பர எழுதாதீங்கண்ணே,” என்றேன். “இருவது வருசத்துக்கு மேல பாக்குறேம்மா. அந்த அடுப்பு என்னை விட்டுட்டு எங்க ஓடிப் போகப் போவுது?” என்றார். பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்தத் தாளை நம்பித்தான் மேலே இருப்பவர்கள் முடிவெடுக்கிறார்கள், இதில் பொய் இருந்தால் தாள் எதற்கு என்று ஒரு பெரிய உரையே நிகழ்த்தினேன். அப்போது நீ எனக்குள் நான்கு மாதம்.

ஏழாம் மாதம் தாய் சேய் கிளினிக்கில் ஓர் அட்டை கொடுத்தார்கள். பிள்ளையின் அசைவை எண்ணிக் குறிக்கிற அட்டை. அங்கே இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தமிழர், மூக்கில் கண்ணாடி இறங்கி இறங்கி வரும், அதைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே பேசுவார். “காலையில ஒம்போது மணிக்கு எண்ண ஆரம்பிங்க. ஒரு உதைக்கு ஒரு கோடு. பத்து வந்துட்டா நேரத்தை எழுதிட்டு உங்க வேலைய பாருங்க. ராத்திரி ஒம்போதாகியும் பத்து வரலேனா உடனே ஆஸ்பத்திரி. எப்பவும் இருக்குறத விட கொறைச்சலா தெரிஞ்சா ஒம்போது வரைக்கும்கூடக் காத்திருக்க வேணாம், வந்துடணும். புரியுதா?” என்றார். எனக்குப் புரிந்த மாதிரி அந்தக் கிளினிக்கில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது. தாளில் கோடு போடுவதுதானே என் பிழைப்பே. அட்டையை ஐஸ் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பக்கத்தில் நூலில் ஒரு பென்சில். நீ பெரும்பாலும் பத்தரைக்குள் பத்தை முடித்துவிடுவாய். காலைப் பசியாறின கையோடு நான்கைந்து, அப்புறம் நான் துணி காயப்போடும்போது மீதி. கையில் பென்சில் இல்லாவிட்டால் பேனா, ஒருநாள் அவசரத்தில் கண் மை. உன்னுடைய கோடுகள் அத்தனையும் கோணல்மாணல்.

எண்ண எண்ணத்தான் பயமும் வந்தது. அது என் குணம். எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் நீ வயிற்றில் விட்டுவிட்டு ஒரே தாளத்தில் துடிக்கவும், வலிப்பு வந்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உனக்கு விக்கல். இரண்டு வாரம் கழித்து வேலை இடத்தில் மதியம் வரை ஆறுதான் வந்தது, மறுபடி ஓடினேன். வயிற்றில் பெல்ட்டைக் கட்டி, உன் இதயத் துடிப்பின் சத்தத்தைக் கேட்கவைத்து, நீ சுகமாக இருக்கிறாய் என்று அனுப்பினார்கள். அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். “பத்து தடவ வந்தாலும் பாப்போம், வராம மட்டும் இருக்காதீங்க,” என்றுதான் சொன்னார்கள். கிண்டல் எல்லாம் வீட்டில். உன் அத்தைதான் குடும்ப வாட்சாப் குழுவில் அந்தப் பெயரை வைத்தார். “நம்ம வீட்டு அலாரம் இன்னிக்கும் அடிச்சிடுச்சு. கார் அலாரம் மாதிரி, மேல பூனை ஏறுனாக்கூடக் கத்தும்.” கீழே பதினேழு சிரிக்கிற முகங்கள். பதினெட்டாவது என்னுடையது. அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு வாய் அப்படி, மனசு வேறு. ஆனால் ஒரு வார்த்தை எந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சொன்னவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது நாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் வாயைத் திறக்கும்போதெல்லாம் பூனை ஞாபகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரவாங்கில் அத்தையின் மகள் தர்ஷினிக்கு மஞ்சள் நீராட்டு. மண்டபம் எடுத்து, முந்நூறு பேரை அழைத்து, பெரிதாகச் செய்தார்கள். உன் அப்பா தாய்மாமன். மாமன் கொண்டுவருகிற சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மேடைக்கு வர வேண்டும், மாமன்தான் மாலை போட வேண்டும். ஒரே தம்பி, அதனால் வேறு ஆளும் கிடையாது. பச்சைக் கரை போட்ட அரக்குப் பட்டு, இரண்டு வாரமாக எங்கள் அலமாரியில் காத்திருந்தது. விழா மாலை ஆறு மணிக்கு மேல். ஆனால் ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், மாமன் சீர் அதற்கு முன்பே வீட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று அத்தை காலையிலிருந்து நான்கு முறை அழைத்துவிட்டார். எனக்கு அப்போது முப்பத்தேழு வாரம் முடிந்திருந்தது.

அன்று ஒன்பது மணிக்கு எண்ண ஆரம்பித்தேன். பசியாறினதும் ஒன்று. அப்புறம் இரண்டு, மெதுவாக, உதை என்று சொல்ல முடியாது, உள்ளே யாரோ முதுகைத் திருப்பிக்கொண்ட மாதிரி. பதினொன்றுக்குள் நான்கு. அதோடு நின்றுவிட்டது. ஐஸ் போட்ட இனிப்பு சிராப் குடித்தேன். இடது பக்கமாகப் படுத்தேன். வயிற்றைத் தட்டினேன். “டேய், அம்மாவோட விளையாடாதே,” என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி, இரண்டு மணி. கூடத்தில் உன் அப்பா சீர்த் தட்டுகளுக்குப் பளபளப்புத் தாள் சுற்றிக்கொண்டிருந்தார். பழத்தட்டில் ஆரஞ்சு உருண்டு உருண்டு விழ, அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகியிருந்தது. நான் இப்போது போய் நாலுதான் வந்தது என்றால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி. பெல்ட். பிள்ளை நல்லா இருக்கு. அதற்குள் ஐந்தரை ஆகியிருக்கும். மண்டபத்தில் பெண் சேலையில்லாமல் உட்கார்ந்திருப்பாள். குழுவில் பூனை மறுபடி ஏறும்.

ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்றேன். நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்து ஆறு கோடு போட்டேன். நேரம் என்ற கட்டத்தில் 2.10 என்று எழுதினேன். எப்படியும் வரத்தானே போகிறது, வருவதை முன்னாடியே எழுதுகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் உயிரைக் குறிக்கிற தாளில், கண்ணால் பார்க்காத எண்ணை எழுதினேன் தம்பி. மணியம் அண்ணேயாவது பிஸ்கட்டுக்குத்தான் எழுதினார்.

மூன்றரைக்கு உன் அப்பா குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் எடுக்க ஐஸ் பெட்டியைத் திறந்தார். கதவை மூடிவிட்டு அட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “பத்து ஆச்சா?” என்றார். “ம்,” என்றேன். “சரி, கெளம்பலாம்,” என்றார். அட்டையை, கிளினிக்கில் கொடுத்திருந்த கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்துக்குள் செருகி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நாலே காலுக்கு வண்டி நகர்ந்தது.

நெடுஞ்சாலையில் ஏறின கொஞ்ச நேரத்தில் அத்தை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார் அப்பா. “எங்கடா வரே? ஒப்பனைக்காரி வந்து உக்காந்திருக்கா, புள்ள தாவணியோட நிக்குது. சேலைய மறந்துடலியே?” “இல்லக்கா, பின் சீட்டுல இருக்கு.” “ஏன்டா, அலாரம் எப்படி இருக்கா? இன்னிக்கு ஒழுங்கா இருப்பாளா?” என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. “பத்து வந்துடுச்சுக்கா. இன்னிக்கு அடிக்காது.” போன் அணைந்தது. சீட் பெல்ட்டுக்கு அடியில் என் கை இருந்தது. உள்ளங்கையை அழுத்தினேன். நீ இருந்த இடம் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது, அழுத்தினால் அமுங்கியது, திருப்பி ஒன்றும் தள்ளவில்லை. அந்த நொடி எனக்கு வந்தது தாய் மனசு அல்ல, உள்ளுணர்வும் அல்ல. அன்று காலையிலிருந்து எனக்குத் தெரிந்தே இருந்ததைத் தெரியாத மாதிரி நடிக்க இனிமேல் பலமில்லை, அவ்வளவுதான்.

“பத்து இல்லங்க,” என்றேன். “நான்தான் போட்டேன்.”

கத்துவார் என்று நினைத்தேன். எத்தனைதான் வந்தது என்றாவது கேட்பார் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடது பக்கம் சிக்னல் போட்டார். ஷா ஆலமில் இறங்கி, பாலத்தின் அடியில் திரும்பி, மீண்டும் கிள்ளான் பக்கம் ஏறினார். வேட்டி மடிந்து முழங்காலுக்கு மேல் ஏறியதுகூடத் தெரியாமல் ஓட்டினார். அத்தை மறுபடி அழைத்தபோது, “அக்கா, நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்,” என்றார்.  “மறுபடியுமா?” என்று அந்தப் பக்கம் கேட்டது. அவர் பதில் சொல்லாமல் போனை அணைத்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

பெல்ட்டைக் கட்டினார்கள். உன் சத்தம் வந்தது. வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, இருக்கிறாய் என்று. ஆனால் பக்கத்தில் நின்ற மிஸ்ஸி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அந்தச் சத்தம் ஓடும்போது திடீரென்று களைத்துப்போய் இறங்கும், நின்றுவிடுமோ என்று பார்க்கும்போது மெல்ல ஏறும். மூன்று தடவை அப்படி இறங்கியது. டாக்டர் வந்தார், மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். காகிதத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்து, “கித்த தா போலே துங்கு லாகி, புவான்,” என்றார். இனிமேலும் காத்திருக்க முடியாது என்று அர்த்தம். எங்கெங்கோ கையெழுத்துப் போட்டேன். எல்லாக் காகிதத்திலும் என் பெயர் வேறு வேறு மாதிரி விழுந்தது.

பிரசவம் என்றால் வலி என்று எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். மூச்சு விடும் பயிற்சிக்கெல்லாம் போயிருந்தேன். கடைசியில் எனக்கு வாய்த்தது குளிர். அறுவை அறையில் அப்படி ஒரு குளிர், பற்கள் தானாக அடித்துக்கொண்டன. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். கழுத்துக்குக் கீழே ஒரு பச்சைத் திரை. தலைமாட்டில் மயக்க மருந்து கொடுக்கிற சீனப் பையன் ஒருவர், டாக்டர்தான், பார்த்தால் பள்ளிப் பிள்ளை மாதிரி இருப்பார். என் கன்னத்தில் விரலை வைத்து, பேசிக்கொண்டே இருங்கள், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெயர் வைத்திருந்தோம். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. சொல்லிவிட்டால், நீ வராமல் போனால், அந்தப் பெயரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? “தம்பி,” என்றேன். “தம்பி,” என்று அவரும் அழகாகத் திருப்பிச் சொன்னார். உனக்கு அந்தப் பெயரை வைத்தது அந்தச் சீன டாக்டரும் நானும்தான்.

என் உடம்பை யாரோ பெட்டியைக் குலுக்குவது போல இழுத்தார்கள். பிறகு இழுப்பது நின்றது. நீ வெளியே வந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் காலடிகள், ஏதோ உறிஞ்சுகிற சத்தம், மலாயில் சுருக்கமாக ஓர் உத்தரவு. எல்லாம் கேட்டது. உன்னைத் தவிர. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. பின்னர் புத்தகத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன், அது ரொம்பக் குறைவான நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் நான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சைக்கிள் வாங்கிக் கொடுத்து, உன்னோடு சண்டை போட்டு, எல்லாவற்றையும் இழந்தும் முடித்துவிட்டேன். கடைசியில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. ஈரத்துணியைப் பிழியும்போது வருமே, அது மாதிரி. அப்புறம் கொஞ்சம் பெரிதாக. அப்புறம், யாரோ உன் சொத்தை எழுதி வாங்கிவிட்ட மாதிரி ஒரு கத்தல். சீனப் பையன் தன் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. “தம்பி வெரி ஆங்ரி,” என்றார்.

கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, தண்ணீரும் வற்றியிருந்தது என்றார்கள். உன்னை ஒரு கணம் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழுத்த நாவற்பழத்தின் நிறத்தில் இருந்தாய். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில். மறுநாள்தான் சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தேன். துவாரத்தின் வழியே ஒரு விரலை விட்டேன், நீ பிடித்துக்கொண்டாய். என்னை மாதிரி ஒருத்தியின் விரலை இவ்வளவு நம்பிப் பிடிக்கிறாயே என்று இருந்தது. பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதை ஊசிக்குழாயில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உன் அத்தை அன்று இரவே தலையில் பூவும் கழுத்தில் அத்தனை நகையுமாக மண்டபத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். தர்ஷினி தன் அம்மாவின் பழைய கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாளாம். உன்னைப் பார்க்க வந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, “டேய், என் ஃபங்ஷனக் கெடுத்தவன் நீதானா? இரு, பெரியவனாயிட்டு வா, கேஸ் போடுறேன்,” என்றாள். அத்தை மறுநாள் என் காலடியில் உட்கார்ந்து, “என்னை மன்னிச்சிடும்மா, நீ சரியா சொல்லியிருக்கே, நாங்கதான் மடையங்க,” என்று அழுதார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வயிற்றுத் தையல் வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பாதிக் கதை அங்கேதான் பிறந்தது, நீ பிறந்த மறுநாள்.

ஒருவரிடம் மட்டும் தப்ப முடியவில்லை. மூன்றாம் நாள் வார்டு மிஸ்ஸி என் பிங்க் புத்தகத்தைப் புரட்டும்போது அட்டையைப் பார்த்தார். “இதுல அன்னிக்குப் பத்து போட்டிருக்கே? ரெண்டு மணிக்கே முடிஞ்சிடுச்சே? பின்ன ஏன் வந்தீங்க?” சொன்னேன். திட்டுவதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. குரலை உயர்த்தவே இல்லை. “நீங்க மயக்கமா வந்திருந்தா நாங்க இதைப் பாத்துதாம்மா முடிவெடுத்திருப்போம். பிள்ளை மத்தியானம் வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு நெனச்சிருப்போம்,” என்றார். என் தொழிற்சாலையில் நான் நிகழ்த்திய உரை அப்படியே, ஆனால் நாலு வார்த்தையில்.

ஆறாம் நாள், அதற்குள் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், உன்னைப் பார்க்கும் நேரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் காரில் உட்கார்ந்திருந்தோம். என் அம்மா கட்டிக் கொடுத்த பத்தியச் சோற்றை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அந்தச் சேலை இன்னும் இருந்தது. உன் அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, “நான் பாத்தேன்,” என்றார்.

“எதைப் பாத்தீங்க?”

“அந்த அட்டைய. மொத நாலு கோடு கோணலா இருந்துச்சு. மத்த ஆறும் ஒரே மாதிரி. அச்சடிச்ச மாதிரி. நீ ஒருநாளும் அப்படிப் போட்டதில்ல.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டேனே, பத்து ஆச்சான்னு.” பின் சீட்டுச் சேலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “நீ ஆமான்னு சொல்லணும்னுதான் கேட்டேன்,” என்றார். “எனக்குப் போகணும்னு இருந்துச்சு. ஒரே அக்கா.”

அப்போதுதான் அவர் நெடுஞ்சாலையில் ஏன் எத்தனை என்று கேட்கவில்லை என்பது புரிந்தது. அவருக்கு எண்ணிக்கை தெரியும். எனக்கு வந்த கோபத்தை உனக்கு எப்படிச் சொல்வது? பொய் எழுதியது நான். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனாலும் வந்தது. சோற்று டப்பாவை மூடி, கதவை அறைந்து சாத்திவிட்டு, தையலைப் பிடித்துக்கொண்டு தனியாக உன் வார்டுக்கு நடந்தேன். மறுநாள் வரை அவரோடு பேசவில்லை. மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “நான் வண்டியில வாயத் தொறக்கலேனா?” அவர் சப்பைக்கட்டுக் கட்டியிருக்கலாம், நானே திருப்பியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். “ரவாங் போய்ச் சேந்திருப்போம்,” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று முதல் அவர் பக்கத்தில் உட்கார என்னால் முடிந்தது.

புத்தி சொல்லத்தான் அம்மாக்கள் கடிதம் எழுதுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். உன்னோடு வாழ வருகிறவள் பிள்ளை சுமக்கும்போது, அவளிடம் எல்லாம் சரியா என்று கேட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டாதே. அந்தக் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. உட்கார்ந்து கேள். அவள் பயந்தவளாக இருந்தால் அவளைப் பார்த்து வீட்டில் யாரும் சிரிக்க விடாதே, செல்லமாகக்கூட, உன் அத்தை மாதிரி அன்பானவர்கள்கூட. கூட்டத்தோடு சேர்ந்து அவளும் சிரிக்கிறாள் என்றால் இன்னும் கவனமாக இரு. நீ பயந்தால் நீயும் சொல். ஆண்பிள்ளை என்று உன்னிடம் யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. நானே இன்னும் திருந்தியபாடில்லை. நீ மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், கூப்பிட்டால் திரும்புகிறாய், பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். எனக்கு அந்த ‘இதுவரை’ மட்டும்தான் காதில் விழுகிறது. இடது கையை வலது கையைவிட அதிகம் ஆட்டுகிறாயோ என்று போன வாரம் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை உன் அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

நேற்று அத்தையை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதத்தில் மட்டும் எழுதி உள்ளே வைத்தால் அதுவும் ஒரு மாதிரி ஒளித்து வைப்பதுதான் என்று பட்டது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, “அறுவது பேருக்கு முன்னால என்னைப் பேச விட்டியே,” என்றார். குரலில் கோபம் இருந்தது. “ஆமாக்கா,” என்றேன். “ஏன் என்கிட்ட மறைச்சே?” என்று கேட்டு, கேட்டதும் தானே நிறுத்திக்கொண்டார். இன்னும் எங்களுக்குள் அது முடியவில்லை. குழுவில் நேற்றிலிருந்து அவர் எதுவும் போடவில்லை. முடியும்போது முடியட்டும். அடுத்த பிறந்தநாளில் யாரும் கை தட்டாவிட்டால் உனக்குக் காரணம் தெரியும்.

நீ புரண்டு படுக்கிறாய், சீக்கிரம் எழுந்துவிடுவாய், முடித்துக்கொள்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது அதைவிட வேறொன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஐஸ் பெட்டி முன்னால் நின்று உனக்கு ஆறு கோடு பொய்யாகப் போட்டவளும், ஷா ஆலம் தாண்டும் முன் வாயைத் திறந்தவளும் வேறு வேறு ஆள் இல்லை. ஒருத்தியை வைத்துக்கொண்டு இன்னொருத்தியை மறந்துவிடாதே. இரண்டு பேரையும் சேர்த்து நீ ஒருநாள் அம்மா என்று கூப்பிட்டால், எனக்கு அது போதும்.

அம்மா